ரிலீவர் வந்தால்தான் வெளியே வருவோம்

நான் தமிழ் நடத்துகிறவள். இருபத்திரண்டு வருடமாகச் செய்யுளும் உரைநடையும் இலக்கணமும்தான் என் பிழைப்பு. கடைசியாக ஒரு பந்தைக் கையால் தொட்டது எப்போது என்று எனக்கே ஞாபகம் இல்லை. அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய்க் கல்லூரிப் பெண்கள் லக்ராஸ் அணிக்கு மேனேஜராகப் போட்டார்கள் என்றால், எங்கள் கல்லூரி எப்படி நடக்கிறது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

லக்ராஸ் என்றால் என்ன என்று கேட்காத ஆள் கும்மிடிப்பூண்டியில் யாரும் இல்லை. நானும் கேட்டேன். நீளக் கம்பின் நுனியில் சின்னதாக ஒரு வலைப்பை இருக்கும். அதில் ரப்பர் பந்தை ஏந்திக்கொண்டு ஓடி, ஒருத்திக்கொருத்தி வீசிப் பிடித்து, எதிரணியின் கோலுக்குள் எறிய வேண்டும். எங்கள் கோல்கீப்பர் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா ஏரியில் மீன் பிடிக்கிறவர். முதல் நாள் கம்பை வாங்கி வலையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "இத்துல ஒரு எறா கூட நிக்காது மிஸ். யாரு பின்னுனது இத்த?" என்றாள். எனக்கு அப்போதே இது உருப்படாது என்று தோன்றிவிட்டது.

இது எங்கள் உடற்கல்வி ஆசிரியருக்கு வந்த யோசனை. கபடி, கோகோ என்று போனால் ஊர்ப்பட்ட கல்லூரிகள் வரும், முதல் சுற்றிலேயே மூட்டை கட்ட வேண்டும், இந்த ஆட்டத்துக்கு வரப்போவது நாலே அணி, சும்மா போய் நின்றாலே நாலாவது இடம் என்று கணக்குப் போட்டார் மனுஷன். கம்புகள் வாங்கினார். கண்ணுக்கு மாட்டும் கம்பிக் கவசம் வாங்கினார். பன்னிரண்டு பெண்களைச் சேர்த்தார். பிறகு ஒரு நாள் பின்பக்கமாக ஓடிக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஓடி, மைதானத்துப் பள்ளத்தில் கால் மடங்கி, முட்டியில் கட்டுடன் வீட்டில் படுத்துவிட்டார். போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது.

முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "பெண்கள் டீம் மேடம், லேடி ஸ்டாஃப்தான் போகணும். கடைசி ஹவர்ல உங்களுக்குத்தான் கிளாஸ் இல்லை" என்றார். கடைசி மணியில் வகுப்பில்லாமல் இருப்பது ஒரு குற்றமா? விடைத்தாள் திருத்துகிற நேரம் அது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "சரி சார்" என்றேன்.

சரி என்றதற்கு ஒரு காரணம் இருந்தது. என் வகுப்பில், தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டில், எளாவூரிலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தாள். தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் லைனில் வேலை. காலை ஆறு முதல் இரண்டு வரை ஷிப்ட். எங்களுடையது மதியக் கல்லூரி, ஒன்றரைக்குத் தொடங்கும். அவள் தினமும் இரண்டரைக்கு மூச்சு வாங்க ஓடி வருவாள். முதல் மணி வருகை தினமும் போச்சு. தேர்வு எழுத எழுபத்தைந்து சதவீதம் வேண்டும். அவளுக்கு இருந்தது அறுபத்தெட்டு.

அது கடைசி செமஸ்டர். பட்டம் கைக்கு வந்தால் கான்ட்ராக்டிலிருந்து எடுத்துக் கம்பெனி ஆளாகவே போட்டுக்கொள்வதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தேர்வு எழுதாவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். அடுத்த வருஷம் எழுதிக்கோ என்று சொல்வதற்கு எங்களுக்கு என்ன, வாய்தானே.

ஆகவே முதல்வரிடம் கேட்டேன். "டீம்ல இருக்கிறவங்களுக்கு ஓ.டி. உண்டுல்ல சார்?" ஓ.டி. என்றால், கல்லூரி வேலையாகப் போனதாக எழுதி வருகை கொடுப்பது.

"உண்டு. ஆனா பெஞ்ச்ல உக்காந்து பிஸ்கட் சாப்பிட்டுட்டு வர்றதுக்கெல்லாம் கிடையாது மேடம். போன வருஷம் வாலிபால்ல நல்லா ஏமாத்திட்டாங்க. அந்தப் பொண்ணு கிரவுண்ட்ல இறங்கினதுக்கு ஸ்கோர் ஷீட்ல ஆதாரம் காட்டுங்க. பிராக்டிஸ் நாளையும் முழு நாளாச் சேர்த்துப் போட்டுத் தர்றேன்."

பன்னிரண்டு பேரில் ஒருத்தி ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தாள். அந்த இடத்தில் எளாவூர்ப் பெண்ணைச் சேர்த்தேன். முதல்வர் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. மற்ற பெண்களிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால், வருகை குறைந்த அத்தனை பேரும் மறுநாளே என் மேஜை முன்னால் வந்து நிற்பார்கள் என்று பயந்தேன். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடற்கல்வி ஆசிரியர் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு போனிலேயே எனக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். ஆறு பேர் களத்தில், ஆறு பேர் வெளியே. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆனால் அதற்காக ஆட்டம் நிற்காது. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். மைதானத்தின் ஓரத்தில், ஸ்கோர் எழுதுகிற மேஜைக்கு முன்னால், சுண்ணாம்பில் ஒரு வாசல் போட்டிருப்பார்கள். வெளியே வருகிறவள் அந்தக் கோட்டைத் தாண்டின பிறகுதான் உள்ளே போகிறவள் கால் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு விரற்கடை வைத்தாலும் களத்தில் ஏழு பேர் ஆகிவிடும். விசில். தப்பு செய்தவள் முப்பது வினாடி ஓரத்தில் நாற்காலியில் உட்கார வேண்டும். அதுவரை அணிக்கு ஒரு ஆள் குறைவு. இடையில் எதிரணி கோல் போட்டுவிட்டால் தண்டனை அத்தோடு தீர்ந்தது.

"சிம்பிள் மேடம்" என்றார்.

சிம்பிளாம். நானும் நம்பினேன். முதல் நாள் பயிற்சியில் கேப்டனை வெளியே எடுத்து வேறொருத்தியை உள்ளே அனுப்பப் பார்த்தேன். கேப்டன் உயரமான பெண், எதிரணியின் பந்தைத் தடுப்பதில் கில்லாடி. அவளும் ஷிப்ட் வேலைக்காரிதான், மோட்டார் உதிரிப் பாகம் செய்கிற கம்பெனியில். "வெளியே வா" என்று கத்தினேன். அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"ஆள அனுப்புங்க மிஸ், வர்றேன்."

"நீ வந்தாத்தான்டி ஆளை அனுப்ப முடியும்."

"நான் வந்துட்டா இந்த எடத்த யாரு பாத்துப்பா?"

ஆளை அனுப்பினேன். அந்தப் பெண் நேராகக் கேப்டன் நிற்கும் இடத்துக்கே ஓடினாள். பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு நொடி பந்து எங்கே என்று பார்த்தாள். கேப்டனின் தோளில் தட்டி, "ம், போ" என்றாள். அப்புறம்தான் கேப்டன் திரும்பி நடந்து வந்தாள். அதுவும் ஓடிக்கூட வரவில்லை, நடந்து வந்தாள். அவ்வளவு நேரமும் களத்தில் ஏழு பேர்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒருத்தி செய்தால் தெரியாமல் செய்தாள் எனலாம். அடுத்தடுத்து ஒவ்வொருத்தியும் அப்படியேதான் செய்தாள். தட்டினால்தான் இடத்தை விடுகிறாள். இது என்ன பழக்கம் என்று கத்தினபோது கோல்கீப்பர்தான் விளக்கினாள், அவள் அக்கா ஒரு லைனில் வேலை செய்கிறாளாம்.

"பெல்ட்டு ஓடிக்கினே இருக்கும் மிஸ், நிக்காது. ரிலீவர் பக்கத்துல வந்து நின்னு, ரெண்டு பீஸ் பாத்துட்டு, தோள்ல தட்டுனாத்தான் கைய எடுக்கணும். இல்லன்னா பீஸெல்லாம் கீழ உழும். மெமோ குடுத்துடுவாங்க."

"இங்க பெல்ட்டு எங்கடி ஓடுது?"

"பந்து ஓடுதுல்ல" என்றாள் கேப்டன்.

பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ஷிப்டுக்குப் போகிறவர்கள். மிச்ச நாலு பேர் என்னிடம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, இதை மட்டும் அந்த எட்டுப் பேரிடமிருந்து இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். கெஞ்சினேன். திட்டினேன். சரியாக மாறினால் ஆளுக்கு இரண்டு போண்டா என்றேன். போண்டாவைத் தின்றுவிட்டு மறுபடியும் தோளில் தட்டினார்கள். ஒரு நாள் கேப்டனின் சட்டையைப் பிடித்தே இழுத்து வந்தேன். "எடத்த உட்டுட்டு வர்றதுக்கு மனசு வரமாட்டேங்குது மிஸ், பேஜாராகீது" என்றாள். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே முகம் வாடிப்போயிருந்தது. எனக்கோ தொண்டை கட்டிப்போய், காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தேன்.

எளாவூர்ப் பெண் விஷயத்தில் மட்டும் நான் விடவில்லை. இவள் களத்தில் இறங்கியாக வேண்டும், இறங்கும்போது தப்பு வந்துவிடக் கூடாது. வகுப்பில் உட்காரவைத்து, "வெளியே வருபவர் கோட்டைத் தாண்டிய பின்னரே உள்ளே செல்ல வேண்டும்" என்று இருபத்தைந்து தடவை எழுதச் சொன்னேன், இம்பொசிஷன் மாதிரி. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி நீட்டினாள். எதற்கு என்று கேட்கவில்லை. மூன்று வருடமாக எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிற பெண் அவள். அவளுக்கு மட்டும் விதி நன்றாக மண்டையில் ஏறியது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பாச்சூர் தாண்டி ஒரு கல்லூரி மைதானத்தில். காலையில் மூன்று மணிக்கே எழுந்து, வேனில் பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு கவரப்பேட்டை, பெரியபாளையம் வழியாகப் போனேன். பதினொன்று. பன்னிரண்டாவது ஆளான எளாவூர்ப் பெண்ணுக்கு அன்றைக்குப் பார்த்துக் கட்டாய டூட்டி. "ரெண்டு மணிக்கு முடிஞ்சதும் பஸ் புடிச்சி வந்துடுறேன் மிஸ், கடைசி மேட்சு நாலு மணிக்குத்தான" என்று முந்தின நாள் சொல்லியிருந்தாள். லீவு கேட்டாயா என்றேன். கேட்டாளாம், நாளையிலிருந்து ஒரேயடியாக லீவு எடுத்துக்கோ, வேலைக்கே வராதே என்றார்களாம்.

காலை இரண்டு ஆட்டத்தைப் பற்றி என்ன எழுத! பதினாலுக்கு இரண்டு, பதினொன்றுக்கு ஒன்று. சென்னையிலிருந்து வந்த பெண்கள் ஒரே மாதிரி காலுறை போட்டுக்கொண்டு, வாசலில் காற்று மாதிரி போய் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பெண்கள் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். விசில். நாற்காலி. மறுபடி விசில், மறுபடி நாற்காலி. மேஜையில் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். "உங்க டீமுக்கு இன்னொரு சேர் போடணும் போலகீதே மேடம்" என்றார். எனக்கு அந்த நாற்காலியைத் தூக்கி அவர்மேலேயே போடலாம் போல இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மெதுவாக அவர் பக்கத்தில் போய், "யார் உள்ளே போனாங்க, வெளியே வந்தாங்கன்னு எல்லாம் இதுல எழுதுவீங்கல்ல?" என்று கேட்டேன்.

"மாத்தம்லாம் எழுத மாட்டோம் மேடம். ஆட்டத்துக்கு நாப்பது தடவ மாறுவாங்க, யாரு எழுதிக்கினு இருக்கறது? கோலு போட்டா எழுதுவோம், பெனால்டி ஆனா எழுதுவோம். அவ்ளோதான்."

ஒரு மாதமாக அவள் சரியாக உள்ளே போக வேண்டும், சரியாக உள்ளே போக வேண்டும் என்று உயிரை விட்டேன். சரியாகப் போனால் அவள் போனதற்கு எழுத்தில் ஒன்றுமே இருக்காது! கோல் போடுகிற ஆளா அவள்? பந்தைப் பிடிக்கவே இப்போதுதான் கற்றிருக்கிறாள். ஒரு கடிதமாவது தருவீர்களா என்றேன். அதெல்லாம் மேலே கேட்கணும், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றார். ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குத் தெரியாதா?

மூன்றாவது ஆட்டம் நாலு மணிக்குத் தொடங்கியது. எதிரில் மணவாள நகர்ப் பக்கத்திலிருந்து வந்த அணி. அவர்களும் எங்களைப் போலத்தான், காலையில் இரண்டையும் தோற்றவர்கள். அன்றைக்கு முதல்முறையாக ஆட்டம் மாதிரி ஓர் ஆட்டம் நடந்தது. கோல்கீப்பர் விழுந்து விழுந்து தடுத்தாள். கேப்டன் ஒரு நிமிஷம்கூட வெளியே வராமல் ஆடினாள். கடைசிப் பகுதி தொடங்கும்போது ஐந்துக்கு ஐந்து. எனக்கே, இந்தப் பந்து விஷயம் எதுவும் பிடிக்காத எனக்கே, உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அப்போதுதான் அவள் வந்தாள். ஷேர் ஆட்டோவின் பின்னால் நின்றபடியே வந்து குதித்து, கையில் டிபன் பையுடன் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தாள்.

"ரிலீவர் லேட்டு மிஸ். ரெண்டு இருபதுக்குத்தான் வந்தா. அப்பறம் பெரியபாளையத்துல பஸ்ஸு நின்னுடுச்சி" என்றாள்.

"பேசாதே, உடுப்பை மாத்து" என்றேன். வேனுக்குப் பின்னால் போய்ப் பன்னிரண்டாம் நம்பர் பனியனை மாட்டிக்கொண்டு வந்தாள். கண் கவசத்தின் வாரை என் கையாலேயே இறுக்கினேன். கம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தினேன். நாலு நிமிடம் மிச்சம் இருந்தது.

பந்து அந்தக் கோடியில் இருந்தது. எங்கள் பெண்கள் எல்லோரும் அதன் பின்னால். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவள் கேப்டன் மட்டும்தான். "வெளியே வா!" என்று கத்தினேன்.

அவள் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆள அனுப்புங்க மிஸ்!" என்றாள்.

"நீ வாடி முதல்ல!"

"எடத்த உட்டுட்டு எப்பிடி மிஸ் வர்றது? அவள வரச்சொல்லுங்க!"

எளாவூர்ப் பெண்ணைப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், இரண்டு காலையும் சேர்த்துவைத்து நின்றுகொண்டிருந்தாள். "அவ கோடு தாண்டட்டும் மிஸ்" என்றாள். இருபத்தைந்து தடவை எழுதினவள் அல்லவா.

ஆண்டவனே! அவள் கம்பெனி விதியை விடமாட்டாள். இவள் நான் எழுதவைத்த விதியை விடமாட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் நாலே எட்டு தூரம். நான் அங்கே கத்துகிறேன், இங்கே கத்துகிறேன். பந்து இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போய், மறுபடி வந்தது. கேப்டன் ஒரு பந்தைத் தடுத்தாள், திரும்ப அதே இடத்தில் வந்து நின்றுகொண்டு தோளைக் காட்டினாள், தட்டச் சொல்லி. மேஜையிலிருந்தவர் கடைசி நிமிடம் என்று குரல் கொடுத்தார். என் குரல் உடைந்துபோய்க் காற்றுதான் வந்தது.

நான் எளாவூர்ப் பெண்ணைத் தள்ளினேன்.

வேண்டுமென்றே, யோசித்துத் தள்ளினேன் என்று பெருமை அடித்துக்கொள்ள ஆசைதான். இல்லை. ஸ்கோர் ஷீட்டும் ஞாபகம் இல்லை, ஓ.டி.யும் ஞாபகம் இல்லை. ஆத்திரம்தான். முதுகில் இரண்டு கையையும் வைத்து ஒரு தள்ளு. அவள் தடுமாறிக் கோட்டுக்கு உள்ளே நாலு எட்டுப் போய் நின்று, நான்தான் தள்ளினேனா என்று திரும்பிப் பார்த்தாள்.

விசில்.

"பன்னெண்டாம் நம்பர். ஆள் மாத்தத்துல தப்பு. முப்பது செகண்டு."

அவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்பை மடியில் வைத்துக்கொண்டாள். ஏழாவதாக நுழைந்த அவள் போக, தண்டனைக்காக ஆறு பேரில் இன்னொருத்தியையும் வெளியே அனுப்பினார்கள். பந்து அவர்கள் கைக்குப் போனது. ஐந்து பேரை வைத்துக்கொண்டு கேப்டன் எந்தப் பக்கம்தான் ஓடுவாள்? இருபது வினாடிக்குள் கோல். ஆறுக்கு ஐந்து.

"கோலு ஆயிட்ச்சி, எழுந்துரும்மா. முடிஞ்சிது" என்றார் மேஜைக்காரர்.

"அவ்ளோதானா சார்?" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்து, "காலையில ஆறு மணிலேர்ந்து இப்பத்தான் மிஸ் உக்காந்தேன். பஸ்ஸுல கூட எடம் கெடைக்கல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தகவல் மாதிரி சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, எழுந்திரு" என்றேன்.

ஆட்டம் முடிந்தது. கேப்டன் கம்பைத் தரையில் வீசினாள். கோல்கீப்பர் கோலுக்குள்ளேயே மல்லாந்து படுத்துவிட்டாள். தோற்காமல் முடித்திருக்க வேண்டிய ஒரே ஆட்டத்தை என் கையால் தள்ளித் தோற்கடித்திருந்தேன்.

மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும் என்று மேஜைக்கு அழைத்தார்கள். ஸ்கோர் தாளில் எங்கள் அணிப் பக்கம் தண்டனைக் கட்டம் நிரம்பி வழிந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசி வரியில் பன்னிரண்டு என்ற எண், பக்கத்தில் அவளுடைய முழுப் பெயர், களத்தில் விதிமீறி நுழைந்தது என்ற குற்றம், கடைசிப் பகுதி, மிச்சமிருந்த வினாடிகள். எல்லாம் நீல மையில், அழுத்தமாக.

மூன்று தடவை படித்தேன். "இதுக்கு ஒரு காப்பி வேணும்" என்றேன். அந்த மனுஷர், "தோத்த ஷீட்டுக்கு ஏன் மேடம் காப்பி?" என்றார். போய்யா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல்வர் முன்னால் தாளை வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"தப்பு பண்ணினதா போட்டிருக்கே மேடம்."

"ஆமா சார்."

"காலேஜ் பேரைக் கெடுத்துட்டு வந்ததுக்கு ஓ.டி.யா கேக்குறீங்க?"

"சார், நீங்க கேட்டது கிரவுண்ட்ல இறங்கினதுக்கு ஆதாரம். வெளியே நின்னுக்கிட்டு யாரும் இந்தத் தப்பைப் பண்ண முடியாது. உள்ளே போனாத்தான் பண்ண முடியும். நேரம் கூடப் போட்டிருக்கு."

குரலை உயர்த்தியிருந்தேன் போலிருக்கிறது, வெளியிலிருந்து பியூன் எட்டிப் பார்த்தார். முதல்வர் தாளைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். விதியில் அதற்கு எதிராக ஒன்றும் அகப்படவில்லை. பயிற்சி நாளையும் சேர்த்துக் கணக்கர் கூட்டிப் பார்த்ததில், எழுபத்தைந்தை ஒரு மயிரிழையில் தாண்டியது. கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவில் வந்தேன். மணி இரண்டரை. எளாவூர்ப் பெண் ஷிப்ட் முடிந்து ஓடி வந்துகொண்டிருந்தாள், கூடவே கேப்டன். கேப்டன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எளாவூர்ப் பெண்ணை நிறுத்தி, "நீ பரீட்சை எழுதலாம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. முதல்வர் வைத்த நிபந்தனையிலிருந்து அந்தக் கடைசி வரி வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மாதம் வாயைக் கட்டிவைத்திருந்தேன் அல்லவா, ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். கை வியர்வை படாமல் இருக்க ஓரத்தில் மட்டும் பிடித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

கேப்டன் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பொரிந்து தள்ளினாள்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா மிஸ் ஒங்களுக்கு?"

"எதை?"

"இவளுக்கு ஷீட்ல பேரு வரணும்னு! நீங்க கோடு கோடுன்னு கத்திக்கினு இருந்தீங்க, நாங்களும் சும்மா ஆட்டத்துக்குத்தான் கத்துறீங்கன்னு நெனச்சோம். இவளுக்காகன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பெல்ட்டே ஓடுனாலும் எடத்த உட்டுட்டு ஓடியாந்திருப்பேன் மிஸ். நாலு நிமிசம் இருந்திச்சி. இவள கோலு முன்னாடி நிக்க வச்சி, மறுபடி நானும் உள்ள பூந்து, பந்த நானே இவ வலையில போட்டிருப்பேன். தூக்கி எறிய வேண்டியதுதான. இவ பேருக்கு நேரா கோலுன்னு எழுதியிருப்பாங்க. இப்ப பாருங்க, தப்புன்னு எழுதி வச்சிக்கீறாங்க."

"உடு, பரவால்ல" என்றாள் எளாவூர்ப் பெண்.

"இன்னா பரவால்ல? நீ இன்னா தப்பு பண்ண?"

விதிப்படி நீ வெளியே வந்திருந்தால் என்று தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். ஒரு மாதமாகத் தொண்டை கிழிய அந்தப் பெண்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமல்.